முதல் கணினி: பாகம் தெரிந்து வாங்குங்கள், பில் கேட்டு வாங்குங்கள்

திண்டுக்கல் - பழனி சாலையில் கல்லூரிப் பேருந்துகளுக்குப் பஞ்சமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி ரெட்டியார்சத்திரத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் போனால் முத்தனம்பட்டியில் பி.எஸ்.என்.ஏ. கல்லூரி. கலந்தாய்வு முடிந்து இடம் உறுதியானதும் வீட்டில் எழும் அடுத்த பேச்சு கணினிதான். பொறியியல் வரைபடத்தில் தொடங்கி ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ரெவிட் என்று வடிவமைப்பு மென்பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். "லேப்டாப் வாங்குற காசுக்கு அதைவிட வேகமான டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிடலாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். அது உண்மைதான்.

உடனே காய்கறி விற்ற பணத்தையோ நகையை அடகு வைத்த பணத்தையோ எடுத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ கிளம்புகிறார்கள். சிலர் ஆன்லைனில் பாகம் பாகமாக வரவழைக்கிறார்கள். கம்பெனி லேப்டாப் என்றால் ஒரே கம்பெனி, ஒரே வாரன்டி. அசெம்பிள் கணினியிலோ பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், மானிட்டர் என ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி; ஒவ்வொன்றுக்கும் தனி வாரன்டி. ஏதாவது ஒன்று பழுதானால் யார் பொறுப்பு என்பதைச் சொல்வது உங்கள் கையில் இருக்கும் பில்.

மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

"நல்ல சிஸ்டம் ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று கேட்பவருக்குக் கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அது கிடைக்கும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று துறையில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தன் இணையதளத்தில் தேவைப்படும் வன்பொருளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆட்டோகேட் 2025 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். நிறுவனம் பரிந்துரைப்பதோ 32 ஜிபி. முதலாண்டு மாணவர் 16 ஜிபியில் தொடங்கலாம். பின்னால் கூட்டிக்கொள்ள மதர்போர்டில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும்.

வரைவதும் மாடல் செய்வதும் பெரும்பாலும் பிராசசரின் ஒரு கோரின் வேகத்தை நம்பியவை. ரெண்டர் செய்யும்போதுதான் எல்லா கோர்களும் கிராபிக்ஸ் கார்டும் வேலைக்கு வருகின்றன. இருபரிமாண ஆட்டோகேட் வரைபடத்துக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. ரெவிட், பிளெண்டர் என்று போகும்போது பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனியாகக் கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது.

எங்கே ஏமாறுகிறோம்?

முதல் இடம் 'ஐ7' என்ற பெயர். ஐ7-3770 என்ற பிராசசர் 2012-ல் வந்தது. பெயரில் வரும் 3 மூன்றாம் தலைமுறையைக் குறிக்கிறது. 2022-ல் வந்த ஐ3-12100, பெயரில் சின்னதாக இருந்தாலும் அதைவிட வேகமானது. பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய பிராசசரைப் பெயர் தெரியாத புது மதர்போர்டில் மாட்டி, பளபளக்கும் விளக்கு கேபினெட்டில் அடைத்து, "புது ஐ7 கேமிங் பிசி" என்று விற்பது நடக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓடவேண்டுமானால் இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆக, அந்த மலிவு ஐ7 நான்காண்டுப் படிப்புக்குத் தாங்காது.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டவைத்த போலிகள் சந்தையில் புழங்கியவை. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி இத்தகைய போலிகளில் பலவற்றைக் கண்டுபிடித்துக் காட்டிவிடும். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-ல் கார்டுகளைக் கொண்டு மைனிங் செய்யும் முறையைக் கைவிட்ட பிறகு, இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழையதை வாங்குவது குற்றமில்லை; பழையதைப் புதியதென்று விற்பதுதான் குற்றம்.

மூன்றாவது, பெட்டியில்லாத 'ட்ரே' பிராசசர். இன்டெலின் பெட்டி பிராசசருக்குப் பொதுவாக மூன்றாண்டு வாரன்டியை நிறுவனமே நேரடியாகத் தருகிறது. ட்ரே பிராசசருக்கு விற்றவர்தான் பொறுப்பு. விலையில் சில நூறு ரூபாய் குறைகிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான்காவது, விலை ஏற்றம். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் போவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. காலையில் சொன்ன விலை மாலையில் மாறும். தேதி போட்ட கொட்டேஷனில், எத்தனை நாள் செல்லும் என்று எழுதி வாங்காமல் முன்பணம் தராதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்

வயல்களில் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் ஏறி இறங்குவது கிராமங்களில் பழக்கமான கதை. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் மீது '450 வாட்' என்று ஒட்டியிருக்கும். அது உண்மையில் அவ்வளவு தருமா என்பதற்குச் சான்று இருக்காது. '80 பிளஸ்' சான்றுள்ள, பெயர் தெரிந்த எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள். அது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும் அபாயம் குறையும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யும்வரை கணினியைப் போடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு போட்டால் 1 கேவிஏ பாருங்கள். மானிட்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். லேபிளில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். மின்னழுத்தக் கோளாறு தொடர்ந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

'கிராக்' மென்பொருள் வேண்டாம்

"ஆட்டோகேட், ஆஃபீஸ் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தரோம்" என்று கடைக்காரர் சொன்னால் அது சலுகை அல்ல. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது குற்றம். சிறைத் தண்டனையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. லாப நோக்கில்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்த்து அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, கிராக் கோப்போடு சேர்ந்து வந்து கடவுச்சொற்களைத் திருடும் வைரஸ்.

இந்த ஆபத்தை ஏற்க அவசியமே இல்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ஆட்டோகேட், ரெவிட், ஃபியூஷன் போன்றவற்றை ஓராண்டு உரிமத்தில் இலவசமாகத் தருகிறது. மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆன்சிஸ் மென்பொருளுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு. ஃப்ரீகேட், பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். ஆனால் ஆட்டோடெஸ்க் மாணவர் உரிமம் படிப்புக்கு மட்டுமே. அதில் வீட்டு பிளான் வரைந்து காசு வாங்கக் கூடாது.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்?

'கம்ப்யூட்டர் ஒரு செட்' என்று ஒற்றை வரியில் எழுதிய பில் எதற்கும் உதவாது. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, முழு மாடல் எண், சீரியல் எண், விலை, ஜிஎஸ்டி, வாரன்டிக் காலம் தனித்தனி வரியாக வேண்டும். வாரன்டிக்குக் கடை கொண்டுபோய்க் கொடுக்குமா, நாம் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கணினிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் இல்லாம எடுத்தா அந்த 18 சதவீதம் மிச்சம்" என்பது பழகிப்போன தூண்டில். பில் இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரிகளும் சேர்ந்தது. அதற்கு மேல் வரி என்று கேட்பது சட்டவிரோதம். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, புகார் எண் இருக்க வேண்டும். அந்த லேபிளே இல்லாத பொருளுக்கு இந்தியாவில் வாரன்டி கிடைப்பது சந்தேகம்.

கடையை விட்டுக் கிளம்புமுன் கணினியை ஓடவிட்டுப் பாருங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் பிராசசர் பெயரும் ரேம் அளவும் வேகமும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவசக் கருவி, எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது எஸ்எஸ்டியில் ஆயிரக்கணக்கில் மணிநேரம் காட்டினால் அது பழையது. ரேம் குச்சியின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் பில்லோடு ஒப்பிடுங்கள்.

நீங்களே வீட்டில் மாட்டப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பெட்டியையும் முத்திரை உடையாத நிலையிலிருந்து வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். பிராசசரை வைக்குமுன் மதர்போர்டு சாக்கெட்டை ஒரு படம் எடுங்கள். சாக்கெட் ஊசி வளைந்திருந்தால் பொதுவாக வாரன்டி தரமாட்டார்கள்; வரும்போதே வளைந்திருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சீல் குத்தினாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கக் கூடாது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள் என்று சட்டமே சொல்கிறது.

அசெம்பிள் செய்யும் கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இதில் உண்டு. பிறர் தயாரித்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துபவரையும் சட்டம் 'உற்பத்தியாளர்' என்றே வரையறுக்கிறது. அவர் பொருத்தித் தந்த கணினியின் குறையால் ஷாக் அடித்துக் காயம்பட்டாலோ, தீப்பிடித்து வீட்டுப் பொருள் எரிந்தாலோ "எஸ்எம்பிஎஸ் கம்பெனியைப் போய்க் கேளுங்க" என்று அவர் எளிதில் நழுவிவிட முடியாது.

ஆன்லைனில் வாங்கினால் 2020-ன் மின்வணிக விதிகள் துணைக்கு வரும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

படிக்கும்போதே வரைபட வேலை எடுத்துச் சம்பாதிக்கும் மாணவருக்கு ஒரு சந்தேகம் வரும்: "தொழிலுக்குப் பயன்படுத்தினால் நான் நுகர்வோர் இல்லையா?" கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. இயந்திரம் வாங்கிய லட்சுமி நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றே முடிவானது. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்குத் தானே இயக்கப் பொருள் வாங்குபவர் நுகர்வோரே என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. இன்றைய சட்டத்திலும் அதே விளக்கம் இருக்கிறது. எனவே பில்லை மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ வாங்குங்கள். வரிச் சலுகைக்காகத் தெரிந்தவரின் கம்பெனி பெயரில் வாங்கினால் இந்த உரிமையைக் கேட்பது சிக்கலாகிவிடும்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல் எதுவானாலும் சரி, பதிவு இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

முன்பெல்லாம் விற்றவர் இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ போய்த்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2019 சட்டம் அதை மாற்றிவிட்டது. சென்னையில் வாங்கியிருந்தாலும், டெல்லி விற்பனையாளர் அனுப்பியிருந்தாலும், ரெட்டியார்சத்திரத்துக்காரர் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சோதனைக்கூட ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம், இல்லையென்றால் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் தாமதமாகலாம். மாற்றுப் பொருள், வட்டியோடு பணம், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். சட்ட உதவி தேவைப்படுவோர் 15100 எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

இன்னொன்று: படிப்புக்குக் கணினி அவசியம் என்றால் வங்கிக் கல்விக் கடனிலேயே நியாயமான விலையில் அதைச் சேர்க்கலாம். அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் முன் வங்கியில் கேட்டுப் பாருங்கள். அங்கும் கேட்பது கொட்டேஷனும் பில்லும்தான்.

வேகம் கொஞ்சம் குறைந்த கணினியை வைத்துக்கூடப் படித்து முடித்துவிடலாம். பில் இல்லாத கணினி பழுதானால் போட்ட பணம் போனதுதான். பில்லையும் அட்டைப்பெட்டிகளையும் வாரன்டி முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். சீரியல் எண் எழுதிய பில்லைத் தர மறுக்கும் கடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அங்கே வாங்காதீர்கள்.