கொல்கத்தாவும் சென்னையும்: எத்தனை தூரம், எத்தனை நேரம்?



ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தால், வெளிமாநிலத்தில் வாழும் நம் மனத்தில் எழும் முதற்கேள்வி, "எப்பொழுது போய்ச் சேரலாம்?" என்பதே. "விமானத்தில் இரண்டு மணி நேரந்தானே!" என்று நண்பர்கள் ஆறுதல் கூறுவர். அக்கணக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் தூரம். கொல்கத்தா டம்டம் விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,380 கிலோமீட்டர். ஹௌராவிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு இருப்புப்பாதையின் நீளமோ ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். கட்டக், விசாகப்பட்டினம், விஜயவாடா எனக் கடற்கரையின் வளைவைத் தழுவிச் செல்லும் பாதை அது. 1900-ஆம் ஆண்டில் கோதாவரிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே இப்பாதை இராஜமகேந்திரபுரத்தில் அவ்வாற்றைக் கடந்தது. நேர்கோடோ பெரும்பாலும் வங்கக்கடலின் மேலாகவே செல்கிறது.

விமானங்கள் எப்பொழுதும் நேர்வழியே சென்றன என்பதும் இல்லை. 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில், டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. தபால் பைகளையும் பிரயாணிகளையும் மாற்றிக்கொண்டு விடியலில் அவை ஊர் திரும்பின. அவ்வழியே சென்றால், கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கூடுதல். ஆயினும் ஓர் இரவுக்குள் பிரயாணம் முடிந்தது.

இனி நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் 1,380 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆனால் கால அட்டவணையில் இரண்டேகால் மணிக்கு மேல் காணப்படுவது ஏன்? மேலே ஏறும்பொழுதும் கீழே இறங்கும்பொழுதும் அந்த வேகம் கிடைப்பதில்லை. ஓடுதளத்தை நோக்கி ஊர்ந்து செல்வதும், இறங்குவதற்கு முறைக்காகக் காத்திருப்பதும் அக்கணக்கில் சேரும். எதிர்க்காற்று வீசினால் மேலும் சில நிமிடங்கள் கூடும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிடுவதே முறை. லேக் மார்க்கெட் பகுதியில் வசிப்பவர் டம்டம் செல்ல ஒன்றரை மணி, அங்குச் சோதனைகளுக்காக இரண்டு மணி, விமானத்தில் இரண்டேகால் மணி, இறங்கிப் பெட்டியைப் பெற்று வீடு சேர ஒன்றரை மணி. ஆகமொத்தம் ஏழு மணிக்கு மேல். கோரமண்டல் விரைவு வண்டிக்கு ஏறக்குறைய 26 மணி. எனவே, விமானத்தால் நமக்கு மிஞ்சுவது முக்கால் நாளுக்குச் சற்று மேற்பட்ட நேரம்.

திருநெல்வேலிச் சீமைக்குச் செல்பவர்க்கோ சென்னையில் பிரயாணம் முடிவதில்லை. அங்கிருந்து இரயிலில் ஓர் இரவு ஆகும். அன்னார் சென்னையில் இறங்கி இரயிலுக்குக் காத்திருப்பதைவிட, மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ விமானம் மாறிச் செல்ல இயலுமா என்று முதலில் விசாரிப்பது நலம்.

ஆகையால், ஊரில் கவலையோடு காத்திருப்போரிடம் "இரண்டு மணி நேரத்தில் வருகிறேன்" என்று சொல்லவேண்டாம். வாசலில் கால் வைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். நோயாளியின் அருகில் இருப்பவர்களும் மருத்துவரும் அதைக் கொண்டே ஆகவேண்டியதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.