கிங்ஸ்டனின் வணிக நீதிபதி

அமெரிக்க விடுதலைப் போரில் கிளர்ச்சியாளரோடு சேராமல் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்றவர்கள் ராஜவிசுவாசிகள் எனப்பட்டனர். போர் பிரிட்டனின் தோல்வியில் முடிந்ததும் அவர்களுள் பல்லாயிரம் பேர் வீடு வாசலை இழந்து இன்றைய கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1759-இல் நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனியில் பிறந்த ரிச்சர்டு கார்ட்ரைட் அவர்களில் ஒருவர். கிளர்ச்சிக் குழுவினரின் நெருக்கடியால் 1777-இல் ஊரைவிட்டு வெளியேறிய அவர், அரசருக்காகப் போரிட்ட பட்லர் என்ற படைத்தலைவரிடம் செயலராக இருந்துவிட்டு, ராபர்ட் ஹாமில்டன் என்பவரோடு கூட்டாக வணிகத்தில் இறங்கினார்.

ஒன்டாரியோ ஏரியின் கிழக்கு முனையில் உள்ள கிங்ஸ்டனில் கார்ட்ரைட்டும், மேற்கே நயாகராவில் ஹாமில்டனும் இருந்ததால், மான்ட்ரியாலிலிருந்து ஆற்றுவழியே வந்த சரக்கு பெரும்பாலும் இவர்கள் கைவழியாகவே உள்நாட்டுக்குச் சென்றது. கையில் காசில்லாத குடியேறிகள் துணியையும் கருவிகளையும் கடனுக்கு வாங்கிக் கோதுமையால் அடைத்தனர். அக்கோதுமையை அரைத்த மாவை வாங்கிய பெரிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் படையே. விசுவாசமும் வருமானமும் இவ்வாறு ஒரே கணக்கேட்டில் ஏறின.

1788-இல், சட்டம் பயிலாத இவ்வணிகர், சொத்து, கடன் போன்ற உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக்கப்பட்டார். ஊராருக்குக் கடன் கொடுத்தவரே கடன் வழக்குக்குத் தீர்ப்பும் சொல்வது எந்த நாட்டிலும் நெருடலான ஏற்பாடுதான். எனினும் படித்தவர் அரிதாயிருந்த அந்தக் காட்டு நிலத்தில் அப்பதவிக்கு வேறு ஆள் எளிதில் அகப்பட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

1792-இல், கிங்ஸ்டன் அடங்கிய மேல் கனடா மாகாணத்தின் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்ட கார்ட்ரைட், துணைநிலை ஆளுநர் சிம்கோவுடன் மோதினார். மாவட்ட நீதிமன்றங்களை நீக்கி, இங்கிலாந்தின் முறைப்படி மாகாணம் முழுவதற்கும் ஓர் உயர் நீதிமன்றத்தை நிறுவ 1794-இல் மசோதா வந்தபோது, வழக்கறிஞர்கள் மிக அரிதாயிருந்த நாட்டில் தொலைவும் செலவும் கூடிய அம்முறை ஏழைக் குடியேறிகளுக்கு ஒவ்வாது என்று அவர் வாதிட்டார். தம் நீதிபதிப் பதவியும் அம்மசோதாவால் பறிபோகவிருந்தது என்பதை மறக்க முடியாதெனினும், வாதம் பொய்யன்று. அரசருக்காக ஊரையே துறந்தவரை, குடியரசுக் கொள்கையின் சாயல் உடையவராக ஆளுநர் சந்தேகித்தார். மசோதா நிறைவேறியது.

ஆயினும் 1809-இல், மாகாண அரசைக் கடுமையாகச் சாடி இங்கிலாந்தில் ஒரு நூல் வெளியானபோது, அதை மறுத்து அரசுக்காகக் கடித வடிவில் எழுதியவர் இதே கார்ட்ரைட்தான். 1815-இல் மான்ட்ரியாலில் இறக்கும்வரை அவர் மேலவை உறுப்பினராகவே இருந்தார்.