பூசைக்கு உட்கார்ந்த மோட்டார்



சென்ற ஆயுத பூசையன்று நம் விடுதி வாயிலில் நடந்த வைபவத்தை நேரில் கண்டவர்களுக்கு இக்கட்டுரை எங்கே பிறந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. காணாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாண்டு நண்பர் ஒருவர் தம் மாமாவிடம் இரவல் வாங்கி வந்த மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து, சந்தனம் பூசிக் குங்குமம் இட்டோம். கரோல் பாக்கிலிருந்து வந்த கதம்பச் சரம் கைப்பிடியில் தொங்கிற்று. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. பூசணிக்காயையும் நடுச்சாலையில் உடைத்தாயிற்று. (அதில் வழுக்கிச் சைக்கிள் ரிக்ஷா ஒன்று கவிழப் பார்த்தது. ரிக்ஷாக்காரர் இந்தியில் வழங்கிய வாழ்த்துரையை இங்கே மொழிபெயர்க்க இயலாது.)

பக்கத்து வங்கி வாயிலில் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் காவலர் இதையெல்லாம் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர். அருகே வந்து, "பேட்டா, இது என்ன பூசை?" என்றார். "ஆயுத பூசை" என்றோம். "எங்கள் ஊரிலும் தசராவுக்குச் சஸ்திர பூசை உண்டு. நாங்கள் அதைத் துப்பாக்கிக்குச் செய்வோம். உங்கள் ஆயுதம் எங்கே?" என்று கேட்டார். நாங்கள் மோட்டார் சைக்கிளைக் காட்டினோம். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் சிரித்தது சரியா, நாம் பொட்டு வைத்தது சரியா? இந்த வழக்கைத் தீர்க்க நூலகத்தில் இரண்டு சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டேன். ஒன்று 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். மற்றொன்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். படிக்கப் படிக்க, நாடகம் பார்ப்பது போலிருந்தது.

முதலில் துப்பாக்கி. உங்களுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தில்லியில் காவல்துறையின் உரிமப் பிரிவிலும், நம் மாவட்டங்களில் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே எழும் முதற்கேள்வி, "எதற்கு?" என்பது. உயிருக்கு ஆபத்தா, பயிரைக் காக்கவா, சுடும் போட்டிக்கா என்று காரணம் காட்டியாக வேண்டும். பிறகு உங்கள் பேட்டைப் போலீஸ் நிலையத்திலிருந்து உங்கள் குணநலன் பற்றி அறிக்கை வரவேண்டும். 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி உடலும் மனமும் நலமாக உள்ளன என்று மருத்துவர் சான்று தரவேண்டும். பயிற்சியும் பெற வேண்டும். எல்லாம் முடிந்து உரிமம் கையில் வந்தால், எந்த ரகத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். 2019 வரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது; அவ்வாண்டுத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள நேரும்.

இத்தனை கெடுபிடிக்கு நடுவே சட்டம் ஒரு கருணையும் காட்டுகிறது. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாதாம்! ஆனால் 2014 இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்னும் கைத்துப்பாக்கியை வெளியிட்டபோது அதன் விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். ஏழைக்குச் சட்டம் கொடுத்த வரத்தைக் கடைக்காரர் பறித்துக்கொண்டார் எனலாம்.

இக்கெடுபிடியின் வேர் எங்கே என்று தேடினால் லிட்டன் பிரபு காலத்து 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தில் போய் முட்டும். இந்தியனிடம் துப்பாக்கி இருந்தால் தன் நாற்காலி ஆடும் என்று வெள்ளையன் அஞ்சினான். தன் இனத்தாருக்கு விலக்கு அளித்துக்கொண்டு நமக்கு மட்டும் உரிமம் வைத்தான். குடகர்களுக்கு மட்டும் அன்றே தனி விலக்கு உண்டு. 2019 இல்கூட அதைப் பத்தாண்டு நீட்டித்திருக்கிறார்கள். நம் வகுப்பில் குடகு நண்பர் யாரேனும் இருந்தால் கொஞ்சம் மரியாதையாகவே பழகுங்கள்.

இனி மோட்டாருக்கு வருவோம். இங்கே "எதற்கு?" என்று கேட்பார் ஒருவரும் இல்லை. 18 வயது போதும். 50 சி.சி.க்கு மேற்படாத சிறு வண்டிக்கு 16 வயதே போதும். உங்கள் குணநலன் பற்றிப் போலீசுக்குக் கவலையில்லை. உடல்நலமா? 40 வயது வரை மருத்துவர் வேண்டாம். எனக்கு மயக்கம் வராது, கண் நன்றாகத் தெரியும் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அரசாங்கம் நம்பிக்கொள்ளும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். நம்மூரில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு வந்தவர்கள் இவ்வளாகத்தில் எத்தனையோ பேர். அந்த எட்டை அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒருமுறையேனும் சாலையில் போட நேர்ந்ததா என்று கேட்டால் எவரும் விடை சொல்வதில்லை. எத்தனை கார் வைத்துக்கொள்ளலாம்? வரம்பே இல்லை. நிறுத்த இடம் உண்டா என்று ஜப்பானில் கேட்கிறார்கள். இங்கே அதையும் கேட்பதில்லை, நடைபாதை இருக்கிறதே!

இவ்விரு சட்டங்களையும் ஒரு நாளைக்கு இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் என்ன?

கார் வாங்க விரும்பும் கனவான் உரிமப் பிரிவில் போய் நிற்கிறார். "எதற்கு ஐயா கார்?" "அலுவலகம் போக." "மெட்ரோ இருக்கிறதே. உங்கள் உயிருக்கு ஆபத்து என்பதற்கு ஏதேனும் ஆதாரம் உண்டா?" "தில்லியில் சாலையைக் கடக்கிறேன், அது போதாதா?" "போதாது. பேட்டைப் போலீஸ் அறிக்கை வரட்டும்." ஓராண்டு கழித்து உரிமம் வருகிறது. அதில், 'மாருதி ஒன்று, பெட்ரோல் ஆண்டுக்கு 100 லிட்டர்' என்று எழுதியிருக்கிறது. பொது இடத்தில் உறை போட்டு மூடித்தான் கொண்டுபோக வேண்டும். தேர்தல் அறிவித்ததும் காரைப் போலீஸ் நிலையத்தில் நிறுத்திவிட்டு நடந்து போய் வாக்களிக்க வேண்டும்.

துப்பாக்கிக்காரர் பாடோ கொண்டாட்டம். தீபாவளித் தள்ளுபடி, மாதத் தவணை, பழைய துப்பாக்கியைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொள்ளும் வசதி, விசேட எண்ணுக்கு ஏலம் எல்லாம் உண்டு. கற்றுக்கொள்பவர் முதுகில் சிவப்பில் 'எல்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றிச் சுடுவார். வாங்கிய அன்றே இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு எடுத்துப் போய் எலுமிச்சம்பழத்துடன் அர்ச்சனை. காற்று மாசு மிகுந்தால், 2016 ஜனவரியில் கார்களுக்குச் செய்தது போல, ஒற்றைப்படை எண்ணுள்ள துப்பாக்கிகள் ஒற்றைப்படை நாளில் மட்டுமே சுடலாம் என்று உத்தரவு வரும்.

இது என் கற்பனை. கற்பனைக்கு எட்டாத வேடிக்கை ஒன்று விதிகளிலேயே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஒருவர் 25 ஆண்டு ஒரு துப்பாக்கியை வைத்திருந்தாலோ 70 வயதை எட்டினாலோ அதைத் தம் வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அதாவது, வயதாக ஆகத் துப்பாக்கி குலதனம் ஆகிறது. காரின் கதையோ வேறு. தில்லியில் டீசல் கார் 10 ஆண்டும் பெட்ரோல் கார் 15 ஆண்டும் கடந்தால் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிற்று. 2018 இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 இல்தான் அந்தப் பிடி சற்றுத் தளர்ந்தது. தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்கு. தாத்தாவின் அம்பாசிடர் பழைய இரும்புக் கடைக்கு!

சிரித்தது போதும். இதே தில்லியில் 1999 ஆம் ஆண்டு நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 10 விடியற்காலை, லோதி காலனிப் பக்கம் விரைந்து வந்த பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று ஆறு பேரைக் கொன்றது. அவர்களில் மூவர் காவலர்கள். ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரின் பேரன். ஏப்ரல் 29 நள்ளிரவைத் தாண்டிய நேரம், மெஹ்ரோலியில் ஒரு விருந்தில், மது கொடுக்க மறுத்த ஜெசிகா லால் என்னும் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் முன்னாள் மத்திய அமைச்சர் ஒருவரின் மகன். அவர் பெயரில் .22 கைத்துப்பாக்கிக்கு முறையான உரிமம் இருந்தது. "எதற்கு?" என்று கேட்டு, விசாரித்து, முத்திரை குத்திக் கொடுத்த உரிமம்! அத்துப்பாக்கி கடைசி வரை அகப்படவில்லை. ஆகவே துப்பாக்கிச் சட்டமே உத்தமம் என்று சாதிக்க நான் வரவில்லை. தில்லிச் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் 'கட்டா' என்னும் நாட்டுத் துப்பாக்கி எந்த உரிமப் பிரிவின் படியையும் மிதித்ததில்லை.

இரு வழக்குகளிலும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். ஜெசிகா வழக்கில் 2006 பிப்ரவரியில் எல்லோரும் விடுதலை ஆனார்கள். ஊர் கொதித்தது. அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2010 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கார் வழக்கு 2012 இல் முடிந்தது. அது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைத்த குற்றமே என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அனுபவித்த இரண்டாண்டுச் சிறையே போதும் என்று சொல்லி, அரசிடம் 50 இலட்ச ரூபாய் கட்டவும் இரண்டாண்டு சமூகத் தொண்டு செய்யவும் பணித்தது.

"ஒருவன் குறி பார்த்துச் சுட்டான், மற்றவன் யாரையும் கொல்ல நினைக்கவில்லையே" என்று சட்டம் பயிலும் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். நியாயந்தான். கருத்தைப் பார்த்தே தண்டனை. ஆனால் அவர்களை ஒன்று கேட்கிறேன். உரிமமில்லாத துப்பாக்கியை வெறுமனே பெட்டிக்குள் வைத்திருந்தாலே, 2019 திருத்தத்திற்குப் பின், குறைந்தது இரண்டாண்டு, கூடினால் ஐந்தாண்டு சிறை. அவன் யாரையும் சுடவில்லை. சுட நினைத்தான் என்றும் நிறுவ வேண்டியதில்லை. காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டி ஓர் உயிரைப் போக்கியவனுக்கோ, பழைய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவின்படி மிஞ்சினால் இரண்டாண்டு. வெறும் அபராதத்தோடும் விடலாம். அங்கே கருத்தைப் பாராத சட்டம் இங்கே மட்டும் ஏன் இவ்வளவு நுணுக்கமாகக் கருத்தைப் பார்க்கிறது? 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதை அந்த இரண்டை ஐந்தாக்கியிருக்கிறது. மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு என்றும் ஓர் உட்பிரிவு எழுதினார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடுமே என்று லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் அச்சத்திலும் பொருளுண்டு. சட்டம் நடப்புக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அவ்வாண்டு மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷ் கார் இருவரைக் கொன்றது. ஜாமீனுக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகள் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது! நாடு முழுதும் கூச்சல் எழுந்த பிறகே அந்த உத்தரவு மாறிற்று. யாரையும் இடிக்காத நான் அதைவிடப் பன்மடங்கு எழுதிவிட்டேன் என்பதை மலர்க் குழுவினர் கவனிக்க வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022 இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதே ஆண்டில் துப்பாக்கி, கத்தி, கல், கயிறு எல்லாம் சேர்ந்த கொலை வழக்குகள் 28,522. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதியே வேண்டாம். "காருக்கு உள்ள கட்டுப்பாட்டையாவது துப்பாக்கிக்கு வையுங்கள்" என்று அந்நாட்டார் கெஞ்சுகிறார்கள். 2021 இல் அங்கே துப்பாக்கியால் மாண்டவர் 48,000-க்கு மேல். சாலையில் மாண்டவர் 43,000 அளவில். எதை அவிழ்த்து விடுகிறோமோ அது கூடுதலாகக் கொல்கிறது போலும். ஒன்றே ஒன்றில் நம் மோட்டார்ச் சட்டம் உயர்ந்து நிற்கிறது. அடிபடுபவனை நினைத்து மூன்றாமவர் காப்பீட்டைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் களிப்பு மிகுந்து மேலே சுட்ட குண்டு மாடியில் நின்றவர் மீது பாய்ந்தால், சுட்டவருக்குச் சிறையுண்டு; அடிபட்டவருக்குக் காப்பீடு கிடையாது.

பூசையன்று மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முதலாண்டு நண்பர் இந்தியா கேட் வரை ஒரு சுற்றுப் போகலாம் என்று என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். "லைசென்ஸ்?" என்றேன். எடுத்துக் காட்டினார், பழகுநர் உரிமம். 'எல்' பலகையும் இல்லை, தலைக்கவசமும் ஒன்றுதான். துப்பாக்கிக் காவலர் பணி முடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நின்றார். "வண்டி யாருடையது?" என்றார். "மாமாவுடையது." "உன் மாமாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தால், கேட்டவுடன் இரவல் தருவாரா?" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காய்த் தோலைப் பார்த்தேன். அன்று மெட்ரோவில்தான் போனோம்.