பளபளக்கும் கறுப்புக் கார்!

குழந்தைகளே... தெரு ஓரத்தில், தூசி படிந்து நிற்கும் காரைக் கண்டால், உங்கள் விரல் சும்மா இருக்குமா? பெயரை எழுதும்; பூ வரையும்; 'குளிச்சு எத்தனை நாளாச்சு?' என்று குறும்பாகக் கேள்வி கூட கேட்டு வைக்கும்!

காரைக் கழுவினால் அந்த எழுத்து அழிந்து விடும் என்று தானே நினைக்கிறீர்கள்? தூசி போய்விடும், எழுத்து போகாமலும் இருக்கலாம்! அதிலும் அது கறுப்புக் கார் என்றால், வெயில் படும் போதெல்லாம் உங்கள் எழுத்து மெல்லிய கீறலாக மின்னிக் கொண்டே இருக்கும்.

ஏன் அப்படி? புத்தம் புதிய கறுப்புக் காரை, வாங்கிய இரண்டு, மூன்று மாதத்திலேயே பாலிஷ் போட எடுத்துச் செல்கின்றனரே, அது எதற்கு? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை, ஒரே இடத்தில் தான் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்!

ஒரு தாள் கனம்!

காரின் மேல் இருக்கும் பெயின்ட் எவ்வளவு கனம் இருக்கும், சொல்லுங்கள்? ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்றை விரலால் தடவிப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு தான்! ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால், ஒரு பங்கு, 1 மைக்ரான். காரின் மொத்த பெயின்டும், 100 முதல் 150 மைக்ரான் வரை தான் இருக்கும்.

அதற்குள்ளேயே பல அடுக்குகள் உண்டு. தொழிற்சாலையில், காரின் எஃகு உடலை பெரிய தொட்டியில் மூழ்க வைத்து, மின்சாரம் செலுத்தி, துருப் பிடிக்காமல் காக்கும் முதல் பூச்சைப் படிய வைப்பர். அதன் மேல், மேடு பள்ளம் தெரியாமல் சமப்படுத்தும் பூச்சு. அதற்கும் மேல், நிறம் தரும் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடி போன்ற, நிறமே இல்லாத ஒரு பூச்சு. இதை, 'கிளியர் கோட்' என்பர்.

நாம் பார்த்து வியக்கும் பளபளப்பு முழுவதும், இந்த நிறமற்ற பூச்சில் தான் இருக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து, கீழே உள்ள நிறம் வெளுக்காமல் காப்பதும் இது தான். இதன் கனம், 35 முதல் 50 மைக்ரான். அந்த ஜெராக்ஸ் தாளில் பாதி கூட இல்லை!

பழைய காலத்து கார்களுக்கு, இந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு தயாரித்த, 'மாடல் டி' கார், 1914 முதல் 1925 வரை, கறுப்பு நிறத்தில் மட்டுமே வெளிவந்தது. நிலக்கீல் கலந்த கறுப்பு எனாமலைப் பூசி, சூளை போன்ற அறையில் வைத்துச் சுட்டு எடுத்தனர். விலையும் மலிவு, உழைப்பும் அதிகம். நிறத்தின் மேல் நிறமற்ற பூச்சு பூசும் வழக்கம், 1980களில் தான் பரவலாயிற்று.

கறுப்பில் மட்டும் ஏன்?

வெள்ளைக் காரிலும் கீறல் விழத் தான் செய்கிறது. ஆனால், கண்ணுக்குத் தெரிவதில்லை, காரணம் என்ன?

வெள்ளைச் சுவரில், வெள்ளை சாக்பீசால் கோடு போடுங்கள், தெரியுமா? அதே சாக்பீசால் கரும்பலகையில் போடுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் தெரியும்! அதே கதை தான் இங்கும்.

வெள்ளை பெயின்ட், தன் மேல் விழும் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். கீறலும் ஒளியைச் சிதறடிக்கும். கூட்டத்தோடு கூட்டமாகக் கீறல் மறைந்து விடும். கறுப்பு பெயின்டோ, ஒளியை விழுங்கி விடும். மேல் பூச்சு மட்டும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனால் தான், கறுப்புக் காரில் மரமும், மேகமும் அப்படியே தெரிகின்றன. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும், வெள்ளைக் கோடாக மின்னும்.

வட்ட வட்டக் கோடுகள்!

வெயிலில் நிற்கும் கறுப்புக் காரைக் கவனித்திருக்கிறீர்களா? சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்திருக்கின்றனர் என்று பெரியவர்களே சொல்வர். ஆனால், உண்மை வேறு.

இதோ ஒரு சோதனை. பல நாள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை எடுங்கள். இருட்டான அறையில், டார்ச் விளக்கை அதன் மேல் அடியுங்கள். ஒளிப்புள்ளியைச் சுற்றி, மெல்லிய வட்டங்கள் தெரிகின்றனவா? இப்போது டார்ச்சை மெல்ல நகர்த்துங்கள். அட, வட்டங்களும் கூடவே நகர்கின்றன!

தட்டில் விழுந்த கீறல் நகர முடியுமா? முடியாது. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றில், ஒளிப்புள்ளியைச் சுற்றி வளைந்தாற்போல் கிடக்கும் கீறல்கள் மட்டுமே, ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. மற்றவை ஒளியை வேறு பக்கம் அனுப்பி விடுவதால், அவை நமக்குத் தெரிவதில்லை. ஆக, நாம் பார்ப்பது கொஞ்சம் தான். பார்க்காத கீறல்கள் ஏராளம்!

(சூரிய பிம்பத்தை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. டார்ச் விளக்கே போதும்.)

புதுக் காரில் கீறலா?

தொழிற்சாலையில் இருந்து லாரியில் ஏறி, திறந்த வெளியில் வெயிலிலும், புழுதியிலும் நின்று, பிறகு தான் ஷோரூமுக்கு வருகிறது கார். ஒவ்வொரு இடத்திலும், யாராவது ஒருவர் துணியால் துடைத்து வைப்பார். வீட்டிற்கு வந்த பின், தினமும் காலையில் உலர்ந்த துணியால், 'சர்... சர்...' என்று ஒரு துடைப்பு. புதுக் கார் மீது எல்லாருக்கும் ஆசை தானே!

அந்த ஆசை தான் வினை. தூசி என்பது வெறும் மண் அல்ல. அதில், குவார்ட்ஸ் எனப்படும் படிகக் கல்லின் பொடியும் கலந்திருக்கிறது. பொருட்களின் கடினத்தன்மையை அளக்க, ஜெர்மனியைச் சேர்ந்த பிரெட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில், மொத்தம், 10 படிகள். அதில் குவார்ட்சுக்கு, 7வது படி. சாதாரண ஜன்னல் கண்ணாடியையே கீறி விடும். காரின் மேல் பூச்சோ, ஒரு வகை பிளாஸ்டிக் தான், அது எம்மாத்திரம்? தூசி மேல் உலர்ந்த துணியை வைத்து இழுத்தால், துணி உப்புத்தாளாகி விடுகிறது. தூசியில் விரல் வைத்து எழுதினால், விரல் நுனியே உப்புத்தாள் தான்!

பட்டறையில் என்ன நடக்கிறது?

கீறல் விழுந்த காரைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும் வேலைக்கு, 'டீட்டெய்லிங்' என்று பெயர். பல மணி நேரம் பிடிக்கும், பொறுமையும் வேண்டும்.

முதலில், நிழலில் நிறுத்தி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, ஒட்டாத தூசியைப் போக்குவர். அப்புறம் ஷாம்பு நுரை. இரண்டு வாளிகள் வைத்திருப்பர். ஒன்றில் ஷாம்பு நீர். மற்றொன்றில் வெறும் நீர். துடைத்த துணியை, வெறும் நீரில் அலசி, மணலை உதிர்த்த பின் தான், மீண்டும் ஷாம்பு வாளிக்குக் கொண்டு போவர். கூரையில் ஆரம்பித்து, கீழ் நோக்கி வருவர். சக்கரத்துக்குத் தனித் துணி.

அடுத்து, பிசைந்த மாவு போன்ற ஒரு களிமண் கட்டி வரும். காரை ஈரமாக்கி, அதன் மேல் இந்தக் கட்டியை மெல்லத் தேய்த்தால், கழுவியும் போகாத தார்ப் புள்ளிகளும், இரும்புத் துகள்களும் கட்டியில் ஒட்டிக் கொண்டு வந்து விடும்.

பிறகு, ஒரு சிறு கருவியை வைத்து, பெயின்டின் கனத்தை அளப்பர். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் காகித டேப் ஒட்டுவர். அப்புறம் தான் பாலிஷ். வட்டமான ஸ்பாஞ்ச் பொருத்திய இயந்திரம், தன்னைத் தானே சுற்றிக் கொண்டே, சிறு வட்டமும் அடிக்கும். பூமி, தானும் சுற்றி, சூரியனையும் சுற்றுவது போல! பாலிஷ் பசையில், அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய கடினத் துகள்கள் இருக்கும்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். பாலிஷ் போட்டால் எதையோ பூசுகின்றனர் என்று தானே நினைத்தீர்கள்? இல்லை, செதுக்குகின்றனர்! தச்சர், மேடு பள்ளமான பலகையை இழைப்புளியால் இழைத்து, பள்ளம் மறையும் வரை சமமாக்குகிறார் அல்லவா? அது போலவே, கீறலைச் சுற்றியுள்ள பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்குச் சமமாக்குகின்றனர். கீறல் மறைகிறது, ஆனால், பூச்சும் சில மைக்ரான் குறைகிறது. முன்பு சொன்ன, 35 மைக்ரான் கணக்கு நினைவிருக்கிறதா? அடிக்கடி பாலிஷ் போட்டால் என்ன ஆகும் என்று, நீங்களே கழித்தல் கணக்கு போட்டுப் பாருங்கள். நல்ல தொழிலாளி, மிக மென்மையான பசையில் தான் தொடங்குவார். ஆழமான கீறலை, 'இது இருக்கட்டும்' என்று விட்டு விடவும் அவருக்குத் தெரியும்.

தாமரை இலை ரகசியம்

பாலிஷ் முடிந்ததும், எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பாதுகாப்புப் பூச்சு பூசுவர். முன்பெல்லாம், பிரேசில் நாட்டில் வளரும் கார்னவ்பா என்ற பனை வகை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு தான் இதற்குப் பேர் பெற்றது. இப்போதும் அது பயன்படுகிறது. அத்துடன், மணலில் இருக்கிறதே சிலிக்கான், அதன் சேர்மங்களால் ஆன, 'செராமிக் கோட்டிங்' வந்து விட்டது. சில சொட்டு திரவத்தைத் தடவி, துடைத்து, காய விட வேண்டும். முழுதாக இறுகும் வரை, தண்ணீர் படக் கூடாது.

இதைப் பூசிய கார் மீது மழை பெய்தால், தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்போமே, அந்தக் காட்சி தான். தாமரை இலையின் மேல், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மெழுகு முண்டுகள் இருப்பதால், நீர் ஒட்டுவதில்லை. ஜெர்மனி தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட், மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து இதை விளக்கினார். கார் பூச்சில் முண்டுகள் இல்லை, அது வழவழப்பானது. ஆனாலும், நீரை விரும்பாத பொருள் என்பதால், நீர்த்துளி பரவாமல் திரள்கிறது.

சரி, இதைப் பூசி விட்டால் கீறலே விழாதா? விழும்! பூச்சின் கனம், ஓரிரு மைக்ரான் தான். அழுக்கு ஒட்டாமல் காக்கும், கழுவுவதை எளிதாக்கும். ஆனால், உலர்ந்த துணியும், தூசியும் சேர்ந்தால், எந்தப் பூச்சும் தாங்காது.

நீங்கள் செய்ய வேண்டியது...

* தூசி படிந்த வண்டியில், விரலால் எழுதாதீர்கள்.

* அப்பா, அம்மாவுக்கு உதவ ஆசையா? முதலில் தண்ணீர் ஊற்றி, மணலைப் போக்குங்கள், பிறகு துணி. ஓஸ் பைப்பைத் திறந்து விட்டு வேடிக்கை பார்க்காமல், வாளித் தண்ணீரில் சிக்கனமாகக் கழுவுங்கள்.

* வெயிலில் கழுவக் கூடாது. கறுப்புக் காருக்கு இது மிக முக்கியம். கடந்த, 2011ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், ஒரே மாதிரியான கறுப்பு, வெள்ளி நிறக் கார்களை வெயிலில் நிறுத்திப் பார்த்தது. வெள்ளி நிறக் காரின் கூரை, கறுப்பை விட, 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருந்தது. சூடான கூரையில், உப்புத் தண்ணீர் நொடியில் காய்ந்து, வெள்ளை வட்டங்களை விட்டுச் செல்லும்.

* காக்கை எச்சம் விழுந்தால், சுரண்டாதீர்கள். ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு ஊற வைத்து, மெல்ல எடுங்கள்.

* தரையில் விழுந்த துணியை, அலசாமல் வண்டி மேல் வைக்காதீர்கள்.

சந்தேகமாக இருந்தால், வீட்டில் வீணாகக் கிடக்கும் பழைய சி.டி., ஒன்றின் மேல், கொஞ்சம் தெருப் புழுதியைத் தூவுங்கள். ஒரு பாதியை உலர்ந்த துணியால் துடையுங்கள். மறு பாதியைக் குழாய் நீரில் அலசி, பிறகு துடையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பாதி தப்பித்தது என்று, உங்களுக்கே தெரியும்!

பாலிஷ் போட்டு மீட்கும் பளபளப்பு கொஞ்ச நாளைக்கு. கீறாமல் காக்கும் பளபளப்பு பல ஆண்டுகளுக்கு. இது காருக்கு மட்டுமல்ல குழந்தைகளே... உங்கள் மூக்குக் கண்ணாடிக்கும், சைக்கிளுக்கும், மொபைல் போன் திரைக்கும் பொருந்தும். நாளைக் காலை, பக்கத்து வீட்டு மாமா உலர்ந்த துணியோடு தன் புதுக் கார் பக்கம் போனால், 'மாமா, கொஞ்சம் இருங்க... முதல்ல தண்ணி!' என்று ஓடிப் போய்ச் சொல்வீர்கள் தானே!