மெர்சென் எண்களைத் தேடி

ஒன்றிலும் பெரிய ஓர் எண், தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணாலும் மீதியின்றி வகுபடாதாயின், அதனை முதன்மை எண் என்கிறோம். அத்தகைய எண்களுக்கு முடிவில்லையென்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யூக்கிளிட்டு நிறுவிவிட்டார். ஆயினும், மிகப் பெரிய எண்ணொன்றைக் காட்டி, 'இது முதன்மை எண்தான்' என்று உறுதிகூறுவது அரிது.

பிரான்சில் வாழ்ந்த மெர்சென் என்னுந் துறவி, பல இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் பெருக்கத்தில் ஒன்றைக் குறைத்துப் பெறும் எண்களை ஆராய்ந்தார். ஐந்து இரண்டுகளைப் பெருக்க 32. ஒன்று குறைய 31. இது முதன்மை எண். ஏழு இரண்டுகளிலிருந்து வரும் 127உம் அவ்வாறே. ஆனால், பதினோரு இரண்டுகள் தரும் 2047, 23ஐ 89ஆற் பெருக்க வருவது. 257 இரண்டுகள் வரையில் எவையெவை முதன்மை எண் தரும் என்று 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அத்தனையையும் அவர் கணித்துப் பார்த்திருக்க முடியாது. பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன என்பது நெடுங்காலத்தின் பின்னரே தெளிவாயிற்று. அவற்றுள் ஒன்று 67.

1876இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், காரணிகளைத் தேடாமலே சோதிக்கும் வழியொன்றைக் கண்டார். பின்னர் அமெரிக்கரான லேமர் எளிதாக்கிய வடிவில் அதனைச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் கையிலிருப்பின் நன்று. சோதிக்கும் எண் 31 என்க. 4இல் தொடங்கி, அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க 14. அதனையும் அவ்வாறே செய்ய 194. 31ஆல் வகுக்க மீதி 8. எட்டை வர்க்கித்து இரண்டைக் கழிக்க 62. 31ஆல் வகுக்க மீதி சூனியம். ஐந்து இரண்டுகளாதலின், இரண்டு குறைய மூன்று தடவை செய்தோம். இறுதியிற் சூனியம் வந்தால் முதன்மை எண், வராவிடின் அன்று.

67 இரண்டுகள் தரும் எண் முதன்மை எண் அன்றென்று லூக்காஸ் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் யாவையென அவராற் சொல்ல இயலவில்லை. வீட்டினுட் கள்வன் உளன் என்று அறிந்தும் ஆளைக் காணாத நிலை அது! 1903இல் நியூயோர்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில், கோல் என்பவர் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கி அந்த 21 இலக்க எண்ணைப் பெற்றுக் காட்டினார். கரும்பலகையில் எழுதி முடிக்கும்வரை அவர் வாய்திறக்கவே இல்லை என்பர்.

1952இல் கலிபோர்னியாவில், ரொபின்சன் எழுதிய கட்டளைகளின்படி மின்கணிப்பொறியொன்று அவ்வாண்டிலேயே ஐந்து புதிய எண்களைக் கண்டது. 1996 முதல் பல நாட்டு ஆர்வலர்களின் கணிப்பொறிகள் ஒன்றுசேர்ந்து தேடின. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண் 136,279,841 இரண்டுகளிலிருந்து வருவது. அதன் இலக்கங்கள் 41,024,320. அதனையும் லூக்காஸின் சோதனையே உறுதிசெய்தது. அதனோடு அறியப்பட்டவை 52 ஆயின. இவ்வகை முதன்மை எண்களுக்கு முடிவுண்டா என்பதை இதுவரை எவரும் நிறுவவில்லை.