பழைய வேனும் இரண்டரை லிட்டர் ஆயிலும்



எங்கள் வரவு செலவுக் கணக்கைப் பார்த்த சிலர், "வேன் ஆயில் செலவு ஏன் இத்தனை முறை வருகிறது?" என்று அன்போடு கேட்டிருந்தீர்கள். காணிக்கை கொடுப்பவர்களுக்குக் கணக்கை விளங்கச் சொல்வது எங்கள் கடமை.

தேனாம்பேட்டையிலிருந்து கிராம முகாம்களுக்கு மருந்துப் பெட்டிகளைச் சுமந்து செல்வது பழைய ஃபோக்ஸ்வேகன் வேன். இவ்வகை வேன் 1950-ல் ஜெர்மனியில் தயாராகத் தொடங்கியது. நோயாளி இருக்கும் இடத்திற்கு வாகனத்தில் போவது மிஷன் மருத்துவத்தில் பழைய வழக்கம். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே பெஷோ மோட்டார் காரில் சாலையோர மருத்துவ முகாம்களுக்குச் சென்றார்.

ரேடியேட்டர் இல்லாத இன்ஜின்

இந்த வேனில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு விசிறி காற்றை வீசி சிலிண்டர்களைக் குளிர்விக்கிறது. காற்று எட்டாத உள்பாகங்களின் சூட்டை ஆயில்தான் வாங்கி வெளியே கொண்டுவர வேண்டும். ஆகவே இங்கே ஆயில் உராய்வைத் தடுப்பதோடு தண்ணீரின் வேலையையும் செய்கிறது. அதன் அளவோ ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான். காகித ஃபில்டரும் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டுமே உண்டு. அழுக்கு ஆயிலிலேயே தங்கிவிடும். அதனால்தான் 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறோம்.

தடித்த ஆயில் நல்லதா?

"நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றுங்கள்" என்று பலர் சொல்வார்கள். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெயில் பதிவான ஊர் இது, அந்த யோசனை இயல்பானதே. ஆனால் ஆயில் அளவுக்கு மீறித் தடித்தால் அழுத்தம் ஏறி ஒரு வால்வு திறக்கும். அப்போது ஆயில் தன்னைக் குளிர்விக்கும் பகுதிக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். மிக நீர்த்த ஆயிலோ சூட்டில் அழுத்தத்தை இழந்துவிடும். எனவே நடுத்தரமே நல்லது. பழைய கையேடுகள் வெப்பக் காலத்துக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயிலைச் சொல்கின்றன. டீசல் லாரிகளுக்கான 15டபிள்யூ-40 ஆயிலையும் பல மெக்கானிக்குகள் விரும்புகிறார்கள். புதிய பெட்ரோல் கார் ஆயில்களில் குறைக்கப்பட்டுவிட்ட, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் அதில் கூடுதலாக இருப்பதே காரணம். ஜி.பி. ரோட்டில் உதிரியாக விற்கும் மலிவு ஆயிலை நாங்கள் தொடுவதில்லை. முத்திரை உடையாத டின்னையே வாங்குகிறோம்.

ஓட்டுநரின் கையில்

ஆயில் மட்டும் போதாது. அண்ணா சாலை சிக்னலில் நிற்பதைவிட, முழுச் சுமையோடு மேம்பாலம் ஏறும்போது பெரிய கியரில் முக்கி முக்கி இழுப்பதே இன்ஜினை அதிகம் சுடவைக்கும். அப்போது சுமை கூடுதல், விசிறியின் வேகமோ குறைவு. கியரைக் குறைத்தால் விசிறி வேகமாகச் சுற்றும். டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும். டைனமோவையும் விசிறியையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் காற்றே இல்லை. புறப்படும் முன் ஆயில் அளவுக் கம்பியைப் பார்ப்பதும், இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் பட்டைகளும் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் அன்றாட வேலை. அங்கே இடைவெளி இருந்தால் வெளியே தள்ளிய சுடுகாற்றையே விசிறி மறுபடி இழுக்கும்.

இவ்வளவு கவனம் எதற்கு? வேனில் ஐஸ் பெட்டியில் இன்சுலின் போகிறது. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். செங்கல்பட்டுச் சாலையில் நண்பகலில் வேன் நின்றுவிட்டால் மருந்து கெடும். முகாமில் காத்திருக்கும் முதியவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். ஒரு டின் ஆயிலின் விலையையும் அந்த இழப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணெய் இருந்தவர்களே ஆயத்தமாயிருந்து மணவாளனைச் சந்தித்த உவமையை நீங்கள் அறிவீர்கள். உங்கள் காணிக்கையில் ஒரு சிறு பங்கு இப்படி எண்ணெயாகவும் மாறுகிறது. வேனை ஓட்டும் சகோதரருக்காகவும், அது போய்ச் சேரும் ஒவ்வொரு கிராமத்துக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.