மார்பகக் குறைப்புக்குப் பிறகு தாய்ப்பால்

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை அழகுக்காகச் செய்யப்படுவது என்று எண்ணுவோர் பலர். ஆனால் எங்களிடம் வருவோர் சொல்லும் குறைகள் வேறு. தீராத கழுத்துவலி, முதுகுவலி, உள்ளாடைப் பட்டை அழுத்தித் தோளில் பதிந்த பள்ளம், மார்பின் அடிமடிப்பில் திரும்பத் திரும்ப வரும் புண் ஆகியவற்றுக்குத் தீர்வு தேடியே அவர்கள் வருகின்றனர். அவ்வாறு சிகிச்சை பெற்ற பெண் சில ஆண்டுகள் கழித்துக் கருவுற்று வரும்போது, "குழந்தைக்கு என்னால் பால் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பலருக்குக் கொஞ்சமாவது பால் சுரக்கிறது. அது குழந்தைக்கு முழுமையாகப் போதுமா என்பதைப் பிரசவத்திற்குப் பின்னரே அறிய முடியும்.

பால் குழந்தையின் வாய்க்கு வந்து சேர, பாலைச் சுரக்கும் திசு, அதைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்கள், காம்பின் உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் வேண்டும். குழந்தை சப்பும் செய்தியை இந்நரம்புகளே மூளைக்கு எடுத்துச் செல்கின்றன. அதன் விளைவாகப் புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது; ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. அறுவையின்போது இம்மூன்றிலும் ஒரு பகுதி இழக்கப்படலாம். காம்பை அதன் பின்னுள்ள திசுவோடு இணைந்தபடியே மேலே நகர்த்தியிருந்தால் வாய்ப்பு நன்று. காம்பைத் தனியே எடுத்து மீண்டும் ஒட்டியிருந்தால் நாளங்கள் முற்றிலும் அறுபட்டிருக்கும். அந்நிலையில் பால் வெளிவருவது அரிது. நரம்புகளும் நாளங்களும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஓரளவு மீண்டும் வளரக்கூடும் என்பது ஆறுதலான செய்தி. எனவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இருக்குமானால், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே அதை எடுத்து வாருங்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. திருமணத்திற்கு முன் நடந்த இந்த அறுவை, புகுந்த வீட்டில் சொல்லப்படாமலே இருப்பதுண்டு. அது அந்தப் பெண்ணின் விருப்பம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆனால் மருத்துவரிடமும் மறைத்தால் பாதிக்கப்படுவது குழந்தைதான். உடன் வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுமாறு செவிலியரிடம் கேளுங்கள். நீங்கள் தனியே சொல்வதை உங்கள் அனுமதியின்றி வீட்டாரிடம் நாங்கள் சொல்வதில்லை.

முன்பே தெரிந்திருந்தால் முதல் வாரத்தில் எங்கள் கவனிப்பே மாறும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தையை மார்பில் இடுவதும், ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்டுவதும் எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானவை. இவர்களின் குழந்தைகளுக்கோ எடையையும் சிறுநீரையும் கூடுதலாகக் கண்காணிக்கிறோம். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. மூன்று கிலோ எடையுடன் பிறந்த குழந்தை 200 கிராம் வரை இழந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 300 கிராமை நெருங்கினால் உடனே கவனிக்க வேண்டும். ஐந்தாம் நாள் முதல் ஒரு நாளில் ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை படிவது, பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, மஞ்சள் காமாலை கூடுவது ஆகியவை குழந்தைக்குப் பால் போதவில்லை என்பதைக் காட்டலாம். குழந்தை அழாமல் சமர்த்தாக இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் மகிழும் நேரத்தில்தான் சில சமயம் அது சோர்ந்து கிடக்கிறது.

பால் போதவில்லை என்றால் கூடுதல் பால் தர வேண்டும், தயக்கம் வேண்டாம். முதலில் மார்பில் ஊட்டுங்கள். பிறகு பிழிந்தெடுத்த பாலையோ, தாய்ப்பால் வங்கியின் பாலையோ, மருத்துவர் சொல்லும் அளவில் பால்மாவையோ பாலாடையால் கொடுக்கலாம். நம் பாட்டிமார் கையாண்ட அதே பாலாடைதான். புட்டியைவிடக் கழுவுவது எளிது, ரப்பர் காம்புக்குக் குழந்தை பழகிவிடும் என்ற கவலையும் இல்லை. மெல்லிய குழாயொன்றைக் காம்பருகே ஒட்டி, மார்பைச் சப்பும்போதே கூடுதல் பாலும் வாய்க்குச் செல்லுமாறு செய்யும் முறையும் உண்டு. இதனால் மார்புக்குத் தூண்டுதல் குறைவதில்லை. தாயிடம் 50 மில்லியே சுரந்தாலும் அதில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உள்ளன. அதை வீணென்று ஒதுக்க வேண்டாம்.

பூண்டும் பால்சுறாவும் வெறும் உணவுகளே. அறுபட்ட நாளத்தை அவை இணைத்துவிடா. "சரியாகச் சாப்பிடாததால்தான் பால் இல்லை" என்று தாயைக் குறைகூறுவதை உறவினர்கள் தவிர்க்க வேண்டும். பால் பெருக்குவதாகச் சொல்லப்படும் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. அவற்றுள் சில இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியவை.

மூன்றாம் நான்காம் நாளில் மார்பின் ஒரு பகுதி மட்டும் கல்போல் இறுகி வலிக்கலாம். வெளியேற வழியில்லாத நாளத்தில் பால் தேங்குவதால் இது நேர்கிறது. குளிர்ந்த துணியை ஒற்றியெடுத்தால் வலி குறையும். அப்பகுதியில் சுரப்பு சில நாட்களில் தானே அடங்கிவிடும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். காய்ச்சலோ தோலில் சிவப்போ கண்டால் அன்றே வாருங்கள்.

முதல் குழந்தைக்குப் பாதியளவே பால் கொடுத்த சில தாய்மாருக்கு, இரண்டாவது குழந்தைக்கு முன்னைவிட அதிகமாகச் சுரப்பதும் உண்டு. முதல் முறை எவ்வளவு பால் கிடைத்தது, கூடுதலாக எதை எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே குறித்து வையுங்கள். அடுத்த பிரசவத்தின்போது அந்தக் குறிப்பு எங்களுக்குப் பெரிதும் பயன்படும்.